எழுபத்தொன்பது

காலை ஏழே முக்காலுக்கு
கேட்டை ஒட்டின சுவரில் இருக்கிற பெட்டியில்
விரல் வைக்க வேண்டும்.
பச்சை எரிந்தால் வந்ததாகக் கணக்கு.
எனக்குச் சிவப்பு.
சேலையில் துடைத்து மறுபடி வைத்தால் மறுபடி சிவப்பு.
பின்னால் நிற்கிற ஷைனி சொல்லுவாள்,
"தலையில எண்ணெ தொட்டு வையி அக்கா."
அதற்கும் சிவப்புதான்.
மணி அடித்துவிடும்.
"நீ உள்ள போ, நான் எழுதிக்கிடுதேன்" என்பார்
சூப்பர்வைசர் தாசையன்.

தக்கலைக்கு மேற்கே இந்த அண்டி ஆபீசில்
உடைப்புப் பகுதியில் எட்டு வருஷம்.
கொல்லாண்டித் தோட்டின் எண்ணெய்
முதலில் தோலைக் கருக்கும், பிறகு உரிக்கும்.
அதன்பிறகு அங்கே உரிக்க ஒன்றும் இருக்காது.
சாம்பல் பூசுவோம். சாம்பல் எத்தனை நாளைக்கு?
ரேஷன் கடையில் என் வீட்டுக்காரர் விரலுக்கு
அரிசி வந்துவிடும்.
சம்பளத்துக்கு அவர் விரலை வைக்க முடியாது.

ஆறாம் மாதம் பிறந்த திங்கட்கிழமை
மானேஜர் கூப்பிட்டார்.
மேஜையில் ஒரு தாள், பக்கத்துத் தட்டில்
உடையாத முழுப்பருப்பு.
"பேறுகாலச் சம்பளம் கிட்டணும்னா
எம்பது நாளு வேல பாத்திருக்கணும் விஜிலா.
சட்டம் அப்பிடியாக்கும்.
மெஷினு எழுபத்தொம்பதுன்னு காட்டுது.
நான் என்ன செய்யட்டு?
இந்த வாரத்தோட நின்னுக்க.
பேறு கழிஞ்சு வா, புது ஆளாட்டு சேக்கலாம்."

புது ஆள்.
எட்டு வருஷத்தையும்
வாசலில் செருப்பு மாதிரி விட்டுவிட்டு வரவேண்டுமாம்.

ஒரே ஒரு நாள் குறைகிறது.
அது எந்த நாள் என்று நடந்துகொண்டே யோசித்தேன்.
வள்ளியாறு பெருகி ரோட்டில் ஏறினபோது
முட்டளவு தண்ணீரில் வந்த நாளா?
இரண்டாம் மாதம் பத்து தடவை எழுந்து எழுந்து
வாந்தி எடுத்துவிட்டு
மூன்றே கிலோவோடு தராசுக்குப் போன நாளா?

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் நர்ஸ்
வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொன்னது:
"பிள்ளைக்கு இப்போ கைவிரலில் ரேகைகூட வந்திருக்கும்."
சும்மா சொன்னதுதான்.
எனக்குப் பிள்ளைமேல் பொறாமை வந்தது.
பஸ்சில் உட்கார்ந்தபிறகு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் பருப்பை நிறுத்து
கிலோவும் தேதியும் எழுதித் தருகிற துண்டுச் சீட்டை
சனிக்கிழமை கூலி வாங்கினதும்
எல்லோரும் கசக்கிப் போடுவார்கள்.
நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவேன்.
பெரிய யோசனை ஒன்றும் இல்லை.
எங்கள் அப்பா பழைய பஸ் டிக்கெட்டைக்கூட
கிழிக்கமாட்டார். அந்தப் பழக்கம்.

கட்டிலில் கொட்டி, ஷைனியும் நானும்
கடந்த ஒரு வருஷத்தை மட்டும் பிரித்து எண்ணினோம்.
இருநூற்றுப் பதினாறு.
எல்லாம் தாசையன் கையெழுத்து.
ஏழுக்கு வால் நீட்டி எழுதுகிறவர் அவர் ஒருவர்தான்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளில் எட்டு வீதம்
இருபத்தேழு தாள், ஐம்பத்துநாலு ரூபாய்.
வில்லுக்குறி, பார்வதிபுரம், நாகர்கோவில்.
தொழிலாளர் அலுவலகத்தில் இரண்டு மாடி.
நடுப்படியில் மூச்சு வாங்க நின்றேன்,
உள்ளே இருக்கிறதும் நின்றது.

மனுவை வாங்கின கிளார்க்
மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்.
"பெருவிரல் வையுங்க."
எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்றேன்.
மழுங்கின விரலில் பேனா வழுக்கியது.
இறுக்கிப் பிடித்து ர. விஜிலா என்று எழுதினேன்.
கம்பெனிக்கு நோட்டீஸ் போகும், ஒரு மாதம் ஆகலாம் என்றார்.
ஒரு மாதத்தில் எனக்கு ஏழு முடிந்துவிடும்.

இன்றைக்கு வாரம் முடிந்து திங்கட்கிழமை.
ஏழே முக்கால்.
விரல் வைத்தேன். சிவப்பு.
மணி அடித்தது, பெண்கள் உள்ளே போனார்கள்.
ஷைனி மட்டும் கேட்டில் கைவைத்துத் திரும்பிப் பார்க்கிறாள்.
தாசையன் என் முகத்தைப் பார்க்காமல்
"உன்னைய நிக்கச் சொன்னாரே" என்கிறார்.
சொன்னார். தாளில் தரவில்லை.
வந்திருக்கேன், எழுதுங்க அண்ணா,
எனக்க கண்ணு முன்னாலே எழுதுங்க.

அவர் பையில் பேனாவைத் தேடுகிறார்.
பேனா காதில் இருக்கிறது.