முத்திரை

ஒரு மணி நேர ஏற்றம்தான்.
பைக்குள் ஆறு டயப்பர்.
ஏனென்று கேட்காதீர்கள்.

யெர்னெயின் முதுகில் லோவ்ரோ
அப்பாவின் காதைப் பிடித்தபடியே வந்தான்.
ஊசியிலை மரங்களில் சிவப்பு வளையம்,
நடுவே வெள்ளைப் பொட்டு,
வழி தவறாதிருக்க யாரோ தீட்டியது.
ஒவ்வொன்றுக்கும் வாயைத் திறந்தான்.
"பால் என்று நினைக்கிறான்" என்றேன்.
மூச்சு வாங்கச் சிரித்தோம்.

உச்சியில் தூங்கிவிட்டான்.
மேகம் விலகி த்ரிக்லாவ் மலை முழுதாய்த் தெரிந்த
ஐந்து நிமிடமும் தூங்கினான்.

இரும்புப் பெட்டிக்குள் ரப்பர் முத்திரை.
பதிக்க வேண்டிய கையேடோ காரிலேயே.
யெர்னெய் சாக்ஸைக் கழற்றி
அந்தக் குட்டிப் பாதத்தில்
மெல்ல அழுத்தினான்.

இறங்கும்போது மழை.
இரவு குளிப்பாட்டினேன்,
ஒரு காலை மட்டும்
தண்ணீருக்கு வெளியே பிடித்தபடி.