கூர் தீட்டாதது

பகலெல்லாம் வங்கியில் அடகு நகை உரசுகிறேன்.
சாயங்காலம் வீட்டுக்கு வந்து பித்தளை.
ஒரே வித்தியாசம்,
இது பித்தளை என்று தெரிந்தே வாங்கியது.

மூஞ்சிக்கல்லில் பஸ் திரும்பும் வளைவுக்கு மேலே
ஆபேல் சிங்கராயரின் தைலக் கடை.
பீப்பாய்க்குப் பின்னாலிருந்து
சாக்கில் சுற்றியதை எடுத்து வைத்தார்.
மிஷன் பங்களாவைக் காலி செய்தபோது
கதவிடுக்கில் கிடந்ததாம்.
"இங்கிலீஷ்காரன் வாள்" என்றார்.
நான் திருத்தவில்லை.
திருத்தினால் விலை ஏறும்.

அமெரிக்கா. காலாட்படை அதிகாரி.
கைக்காப்பில் இலைவேலை, பொன்முலாம் போன இடம் பச்சை.
பிடியில் திருக்கைத் தோல்,
அதன்மேல் முறுக்குக் கம்பி, பாதியில் அறுந்து.
அலகில் அமிலம் தின்று வரைந்த கழுகு,
இடது சிறகைத் துரு எடுத்துக்கொண்டது.
உறையின் வாயருகே, என் வங்கிக் கண்ணாடியில்:
லெப்டினன்ட் டில்லரிக்கு
அவர் படைப்பிரிவின் சிப்பாய்கள்.

ஆளுக்கு அரை டாலர் பிடித்திருப்பார்களோ என்னவோ.
ஒருவனாவது முனகியிருப்பான்,
நம் காலுக்குச் செருப்பில்லை, இவருக்கு வாளாம்.
நானும் சீட்டைத் தள்ளி எடுத்துத்தான் வாங்கினேன்.
நாற்பதாயிரத்தில் ஒன்பதாயிரம் தள்ளு.
கோட்டு அலமாரியில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன,
வீட்டுக்காரர் கோட்டுகள் நாற்காலிக்கு வந்துவிட்டன.
"இதாவது வெள்ளரிக்காய் நறுக்குமா?" என்றார்.

நறுக்காது.
அதிகாரிகளின் வாள் பலவும்
கூர் தீட்டாமலே போருக்குப் போனவை.
கையை நீட்டி, அந்தப் பக்கம் போங்கள்
என்று காட்டுவதற்கு.
போனவர்கள் தோட்டாவில் செத்தார்கள்.

ஆனால் நுனியிலிருந்து ஒரு சாண் உள்ளே
மூன்று பல்.

ஆடி முழுக்க அந்த மூன்று பல்லோடு குடித்தனம்.
எதிரியின் அலகா, துப்பாக்கிக் குழலா,
எலும்பென்றால் இவ்வளவு சுத்தமாக விழுமா?
மெழுகு பூசுவேன். ஜன்னல் வழியே மேகம் வந்து
மெழுகின் மேலேயே உட்காரும்.
துடைப்பேன். திரும்ப வரும்.
டில்லரிக்கு ஒரு முகம் கொடுத்தேன்,
காது பெரிது, வயது இருபத்திரண்டு.

பேரிக்காய்க் காலத்தில் சிங்கராயரைச் சந்தையில் பார்த்தேன்.
ஒரு கிலோ நிறுத்துக்கொண்டே சொன்னார்:
பங்களா சமையல்காரர் அதை வைத்துத்தான்
பேரிக்காய் தட்டுவாராம்.
மரம் வேலிக்கு அந்தப் பக்கம்,
கிளை இந்தப் பக்கம்,
நடுவே முள்கம்பி.
"பழம் விழுறதுக்குள்ள நாலு தடவை கம்பியில அடிப்பாரு."

சிரித்தேன். பையை வாங்கிக்கொண்டு
நாயுடுபுரம் ஏற்றம் வரை சிரித்துக்கொண்டே நடந்தேன்,
பிறகு மூச்சு வாங்கியது.

இரவு, வேலியில் வெட்டிய ஒரு துண்டுக் கம்பியை
முதல் பல்லில் வைத்தேன். உட்கார்ந்தது.
இரண்டாவதில், செய்து வைத்ததுபோல்.

மூன்றாவதில் ஆடுகிறது.
கொஞ்சம் அகலம். அடியில் ஒரு பக்கமாகச் சாய்வு.
வேறு கம்பியாக இருக்கலாம்.
வேறு கிளையாக, வேறு சமையல்காரராகக்கூட.

அதில் மட்டும் மெழுகு நிரப்பாமல்
விட்டு வைத்திருக்கிறேன்.