நான்காம் மாடிக் கோப்பு

கதாநாயகன் மூன்று நாடுகளில் துரத்திப் பிடிக்கும் உண்மையை
முந்தின இரவு நான்தான்
அட்டைக்குள் வைத்துக் கட்டுகிறேன்.
'மிக ரகசியம்' முத்திரை, உருளைக்கிழங்கில் வெட்டியது.
சோபியாவின் குளிரில் மை காய
ஹேர் டிரையர் பிடிக்க வேண்டும்.

உள்ளே என்னவென்று இயக்குநர் கேட்டதில்லை.
கனமாக இருக்கிறதா என்பார், அவ்வளவுதான்.
இம்முறை பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கினேன்:
மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலையின்
விடுப்புப் பதிவேடு, பெர்னிக், எண்பத்தாறு.

சன்னலை நோக்கி ஓடும்வரைதான் நாயகன்.
அப்புறம் காலோயான்.
அதே கோட்டு, அதே விக்கு.
சர்க்கரைப் பாகில் வார்த்த கண்ணாடி நொறுங்க
நான்காம் மாடியிலிருந்து
கோப்பை மார்போடு அணைத்தபடி விழுகிறான்.

கயிறு அறுந்தது. தாள்கள் பறந்தன.
மெத்தையில் மல்லாந்தவன் எழவில்லை.
முதுகெலும்போ என்று ஓடினேன்.
படித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா பெயர்.
மார்ச்சில் ஒன்பது நாள் விடுப்பு."
மூக்கில் ஒட்டிய சர்க்கரைத் துணுக்கைத் தட்டிவிட்டான்.
"ஒன்பது நாளும்
சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்பினாரே."

யாரிடம் கேட்பது. தொழிற்சாலை இல்லை,
அவரும் இல்லை.
மெகாபோன் கூப்பிட்டது.

இரண்டாவது டேக்.
மூன்றாவதில் இயக்குநர் கத்தினார்:
முகம் தெரிகிறது, திருப்பு,
உன் முகம் யாருக்கும் வேண்டாம்.
திருப்பிக்கொண்டான்.
ஆறாவது முறை சரியாக விழுந்தான்.

படத்தில் நூற்றுநாலாவது நிமிடம்
எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்,
ஒரு மந்திரி கைதாவார்.

இரவு தாள்களை எண்ணினேன். ஒன்று குறைந்தது.
இழப்புக் கணக்கில்
காரணம் என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
அன்று காற்றே இல்லை.