பிடித்தம் போக

பங்குனி வெயிலில் பட்ஜெட் வாசிக்கிறார்கள்.
கணக்குப் பிரிவில் ஒரே கைபேசி,
தண்ணீர்ச் சொம்பில் சாய்த்துவைத்து
ஏழு பேர் கேட்கிறோம்.
"உள்ளாட்சி அமைப்புகளுக்கு" என்றதும்
கோமதிநாயகம் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்,
ஒரு சொல்லும் காற்றில் போய்விடக் கூடாதென்று.
தொகையைச் சொன்னபோது அங்கே மேசையைத் தட்டினார்கள்.
மழைபோலக் கேட்டது.
சென்னையில் பெய்யும் மழை.

மலைமேல் பெய்வது இங்கே எப்படி வந்துசேரும் என்று
எங்களுக்குத் தெரியாதா?
பாபநாசத்தில் தேங்கி,
கன்னடியன் கால்வாய்க்குக் கொஞ்சம், கோடகனுக்குக் கொஞ்சம்,
பாளையங்கால்வாய்க்குக் கொஞ்சம் என்று கொடுத்து
கொக்கிரகுளம் பாலத்தடியில்
மிச்சமாய்த்தான் வருகிறது ஆறு.
ஆனாலும் எந்த மடையை யார் திறந்தார் என்று
சைக்கிளில் போயாவது பார்த்துவிடலாம்.

ஆணை வர ஆனி ஆயிற்று.
ஒரே பக்கம்.
ஒதுக்கீடு: எண்ணாலும் எழுத்தாலும் முழுத் தொகை.
கழிக்க: மின்வாரிய நிலுவை.
கழிக்க: நம் ஆற்றுத் தண்ணீரை நமக்கே ஏற்றித் தந்ததற்கு
குடிநீர் வாரியம்.
கழிக்க: பாதித் தெருவோடு நிற்கும்
பாதாளச் சாக்கடைக் கடனின் தவணை.
வலது மூலையில், முத்திரை மையில் பாதி மறைந்து,
நமக்கு வருவது.
கீழே பொடி எழுத்தில் இன்னொன்று:
வீட்டுவரியை உயர்த்தாத மாநகராட்சிக்கு
அடுத்த தவணை இல்லை.

ஒதுக்கீடு என்ற சொல்லை
இருபத்திரண்டு வருடமாய் எழுதுகிறேன்.
ஒதுக்குவது என்றால் எடுத்துவைப்பதா,
ஓரமாய்த் தள்ளுவதா?

வரித் தீர்மானத்தன்று
கவுன்சிலர் ஜெபமணி கர்ஜித்து வெளிநடப்பு செய்தார்.
குடையை மறந்துபோய்த் திரும்பி வந்தார்.
அதற்குள் நிறைவேறியிருந்தது.

பீர்முகம்மது வருகிறார்.
மேலப்பாளையத்தில் பதினோரு தெருவுக்கு விளக்குப் போட்டவர்.
"பல்பு எல்லாம் ஃபியூஸ் போயாச்சு சார்,
பில்லு மட்டும்தான் இன்னும் எரியுது."
சிரித்தோம். அவரும்தான்.
காப்பி வாங்கித் தர நினைத்தேன்,
காசை அவரே கொடுத்துவிட்டார்.

இருப்பதைப் பிரித்து எழுதச் சொன்னார் ஆணையர்.
முதலில் குளோரின்.
கடைக்காரன் கடன் தருவான், வயிறு தராது.
அப்புறம் குப்பை லாரிக்கு இரண்டு டயர்.
நாலு கேட்டிருந்தார்கள்.
தேரோட்டத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது,
நான்கு ரதவீதிப் பள்ளங்களுக்கும் உடனே ஜல்லி, தார்.
இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.
மீதித் தெருக்கள், அடுத்த நிதியாண்டில்.
தேர் போகாத தெருவில் பிறந்தவன் நான்.
அந்த வரியை எழுதும்போது
பேனா நிற்கும் என்று எதிர்பார்த்தேன்.
நிற்கவில்லை. நல்ல பேனா.

விளக்கு பொருகியதும் படியிறங்குகிறேன்.
ஆவுடையம்மாள் எதிரே வருகிறார்.
பேட்டரி வண்டிதான், பேட்டரி போய்விட்டது,
தள்ளிக்கொண்டு வருகிறார்.
கையுறை ஒன்றுதான், இடது கைக்கு.
"சார், போன மாசச் சம்பளம்?"
"அறிவிச்சிருக்காங்கம்மா."
"எந்த பஸ்ஸுல ஏத்தி விட்டிருக்காவளாம்?"
நானும் விடவில்லை.
"விழுப்புரம் தாண்டியிருக்கும்."
"அப்பம் மதுரையிலயே
பாதிப்பேரு எறங்கிருவாவளே" என்றபடி
வண்டியைத் தள்ளிப் போனார்.

பாலத்தில் விளக்குகள்
ஒன்றுவிட்டு ஒன்று எரிந்தன.
இருட்டில் அவர் மறைவதும்
வெளிச்சத்தில் தெரிவதுமாக
மறுகரை வரைக்கும் எண்ணிக்கொண்டு நின்றேன்.
ஒன்றுவிட்டு ஒன்று.
அந்தக் குறிப்பாணையில்
சுருக்கொப்பம் என்னுடையது.