விளிம்பிலிருந்து ஆறு மீற்றர்

முதல் கோடு வீடல்ல, பாறை.
அப்புத்தளையில், காற்று தாளைப் பிடுங்க,
மண் பரிசோதனை அறிக்கை வந்த உறையின் முதுகில்
பென்சிலால் ஒரே இழுப்பு:
மேலிருந்து வந்தது, சற்றே யோசித்தது,
பிறகு விழுந்தது.

இரண்டாவது கோடு கூரை.
அதை முடிக்குமுன் பனி ஏறிவிட்டது.
ஈரத்தாளில் கரி இழுபட்டு
வீடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது
என்று சொல்லமுடியாத ஒரு சாம்பல் தீற்றல்.
விதானகே அதில்தான் மயங்கினார்.
"இதையே கட்டித் தாருங்கள்" என்றார்,
கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு.

தீற்றலுக்கு அத்திவாரம் வெட்ட முடியாது.

மருதவீரன் மட்டக்கோலோடு விளிம்பில் நின்றான்.
இடுப்பில் கயிறு, மறுமுனை யூகலிப்டஸில்.
"இன்னும் தள்ளி, இன்னும்" என்று கத்திக்கொண்டிருந்த நான்
ஒரு கட்டத்தில் வாயை மூடிக்கொண்டேன்.
அவன் நின்ற நூற்றுப் பதினேழு இடங்களும்
அன்றிரவு திரையில் புள்ளிகளாக வந்தன.
அறுபத்திரண்டாவதில் அவன் வழுக்கினான்.
அந்த இடத்தில் நிலம் இன்னமும்
நாற்பது சென்ரிமீற்றர் தாழ்ந்தே கிடக்கிறது,
திரையில் மட்டும்.

புள்ளிகளை முக்கோணங்கள் கோத்தன.
ஒற்றை விரலால் மலையைச் சுழற்றினேன்.
அடியிலிருந்தும் பார்த்தேன்:
உள்ளே கல்லில்லை, நீரில்லை, வேரில்லை.
வெறும் தோல்.

பொறியியலாளர் நிலூஃபா படத்தைப் பார்த்து
பென்சிலைக்கூட எடுக்கவில்லை.
"ஆறு மீற்றர் பின்னால். ஒக்டோபரில் இந்த மண்
யார் பேச்சும் கேட்காது."
வீட்டைத் தெரிவுசெய்தேன். நகர்த்து. ஆறு.
நான்கு படுக்கையறையும் நீச்சல் தடாகமும்
கண்ணிமைக்குமுன் பின்வாங்கின.
விதானகேவுக்குத்தான் மூன்று நாள் ஆயிற்று.

பெட்டிகளும் சப்பாத்துகளும் வைக்க ஓர் அறை கேட்டிருந்தார்கள்.
3048, அடுத்து 3658.
மில்லிமீற்றரில் தட்டிய பிறகுதான் விரல் நின்றது.
அடியில் சொன்னால் பத்துக்குப் பன்னிரண்டு.
அந்த அளவில் நாங்கள் ஏழு பேர்.
அப்பா காலை நீட்டிப் படுத்தால் கதவு திறக்காது.
அளவை மாற்றவில்லை.
சப்பாத்துகளுக்கு அது போதும்.

எதிர்மலையில் ஒரு லயம் இருந்தது.
யாரும் கேட்காமலே அதையும் கட்டினேன்,
முதுகோடு முதுகாக இருபத்துநான்கு காம்பரா.
தகரம் பறக்காமலிருக்க டயர், கல்,
கடைசிக் கூரையில் ஒரு நீலத் தார்ப்பாய்,
பீலியடியில் கவிழ்த்த வாளி.
கோப்பு திணறத் தொடங்கியது.
வீட்டைவிட லயம் கனம்.

கொழும்பிலிருந்து தில்ஹானி மேடம் எழுதினார்:
எல்லாம் அழகு, எதிரே அந்தத் தகரங்கள் மட்டும் வேண்டாம்,
பச்சையாகவே இருக்கட்டும்.

அழிக்கும் பொத்தான்வரை போனேன்.
அப்புறம் பண்புகளைத் திறந்தேன். இரண்டு கட்டங்கள்.
'கமெராவுக்குத் தெரியும்': சரிக்குறியை எடுத்தேன்.
'பிரதிபலிப்பில் தெரியும்':
தேத்தண்ணி ஆறி ஆடை கட்டியிருந்தது.
அதை அப்படியே விட்டேன்,
அந்தக் குறியையும்.

விடியும்வரை மடிக்கணினி இரைந்தது.
வரிவரியாக மேலிருந்து இறங்கியது படம்.
வானம், நான் போட்ட முகில், பச்சை எதிர்மலை,
யாரும் குடியிருந்திராத பச்சை.
விளிம்பிலிருந்து ஆறு மீற்றரில் என் வீடு,
தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி.
அந்தக் கண்ணாடிக்குள்
இருபத்துநான்கு கூரைகள், இடம் வலம் மாறி.

விதானகேயின் பதில் ஒரே சொல்: "பிரமாதம்."
தில்ஹானி மேடம் மட்டும் உற்றுப் பார்த்திருக்கிறார்.
கண்ணாடியில் ஒரு மூலையில் நீலம் தெரிகிறதே,
என்ன அருமையான நிறம்,
திரைச்சீலைக்கு அதே நீலத்தில்
துணி கிடைக்குமா?