திங்கள் நான்கு மணி

பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
துளைக்கும் கருவியின் ஓசை
தரை வழியே ஏறி வரும் அறை.
நவம்பர் கடைசியில் ஔலு நகரம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.

ஹில்க்கா வருகிறாள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு உட்காருகிறாள்.
என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள்.
நான் அவளுக்கு மேற்பார்வையாளர்.
அந்தச் சொல்லில் ஒரு 'மேல்' இருக்கிறது.
நாற்காலிகள் ஒரே கடையில் வாங்கியவை,
என்னுடையதில் ஒரு கால் குட்டை,
அடியில் பழைய ரசீதை மடித்து வைத்திருக்கிறேன்.

வழக்கம்போல் மூன்று நிமிடம்
பேசாமல் இருந்தோம்.
அவள் கண்மூடியிருந்தாள்.
நான் மூச்சை எண்ணினேன்:
ஒன்று,
இரண்டு,
காருக்குக் குளிர்கால டயர் இன்னும் மாற்றவில்லை,
மூன்று.

"திங்கள் நான்கு மணி" என்றாள்.
அவருக்கு இந்த அறையில் பெயர் கிடையாது,
கிழமையும் நேரமும்தான்.
இழுத்து மூடிய காகித ஆலையில்
இருபது வருடம் சுருள் ஏற்றியவர் என்று தெரியும்.
இடது கையில் இரண்டு விரல் இல்லை என்று தெரியும்.
தெருவில் எதிரே வந்தால்
கையுறை போட்டிருப்பார்,
எனக்குத் தெரியாது.

"ஏழு வாரம் வானிலை பேசினார்.
இந்த முறை தம்பியைப் பற்றி ஆரம்பித்தார்.
உறைந்த கடலில் இருவரும் மீன் பிடிக்கப் போனது,
பனிப்பாளம் முனகியது,
அதைக் கேட்டும் 'இன்னும் ஒரு துளை போடுவோம்' என்று
இவர் சொன்னது.
கயிறு எடுக்கத் திரும்பி ஓடும்போது
பின்னால்..."

அங்கே நிறுத்தினாள்.

"அங்கேதான் நான் சொன்னேன்,
கொஞ்சம் மூச்சைக் கவனிப்போம்,
பாதம் தரையில் இருப்பதை உணருங்கள் என்று.
கவனித்தார். உணர்ந்தார்.
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரி.
அப்புறம் தம்பியைப் பற்றி
மூச்சு விடவில்லை.
போகும்போது நன்றி வேறு சொன்னார்."

கீழே கருவி நின்றது.
யாரோ வாய் கொப்பளிக்கிறார்கள் போலும்.

"அவருக்கு மூச்சு முட்டவில்லை,
நிதானமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.
எனக்குத்தான் முட்டியது.
அழும் குழந்தையின் வாயில்
பிஸ்கட்டைத் திணிப்பதுபோலத்
திணித்துவிட்டேன்."

என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது:
இதைச் சொல்லும்போது
உடம்பில் எங்கே உணர்கிறீர்கள்?
நல்ல வாக்கியம். பலருக்கு உதவியிருக்கிறது.
நெஞ்சு என்பாள், இல்லையென்றால் தொண்டை.
ஒரு மணி நேரம் தொண்டையைப் பற்றிப் பேசலாம்.
அந்தத் துளையைச் சுற்றிப்
பதவிசாக நடந்து
இரண்டு பேரும் கரை சேர்ந்துவிடலாம்.

விழுங்கினேன்.

"பின்னால்?" என்று கேட்டேன்.

நிமிர்ந்தாள்.
"எனக்கு எப்படித் தெரியும்?
அவர் சொல்லவில்லையே.
நான்தான் சொல்ல விடவில்லையே."

வெகுநேரம் கழித்து,
நான் கேட்காததற்குப் பதில்போல,
"எங்கள் வீட்டில் யாரும் மூழ்கவில்லை.
அப்படி எதையும் தேடாதீர்கள்.
வெறுமனே பயந்தேன்,
ஐம்பத்தெட்டு வயதில்."

இதற்கு என்னிடம் எதுவும் இல்லை.
இல்லை என்பதோடு உட்கார்ந்திருந்தேன்.
மூச்சை எண்ணவில்லை.
ரசீது நழுவி நாற்காலி ஒருமுறை ஆடியது.

"வரும் திங்கள்?"

"என்னால் தாங்க முடியவில்லை,
அதனால்தான் நிறுத்தினேன் என்று சொல்வேன்."

"அவர் மறுபடி வானிலை பேசினால்?"

"வானிலையைக் கேட்பேன்.
இந்தத் தடவை ஒழுங்காக."

படிக்கட்டில் பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டே,
"தொடக்கத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்,
நீங்கள் சன்னலுக்கு வெளியே போயிருந்தீர்கள்" என்றாள்.

"டயர்" என்றேன்.

"மாற்றிவிடுங்கள்.
இன்றிரவு வழுக்கும்."