சின்னத் துடுப்பு

ஜனவரி. போகச்சீல் ஆறு.
கோலின் வளையங்களில் பனி கட்டுகிறது;
நாலு வீச்சுக்கு ஒருதரம்
நுனியை நீரில் முக்கி எடுக்கிறேன்.
காற்றுக்கு ஆறு தேவலை.

மர ஆலை மூடிப் பதினோரு நாள்.
வெண்டெல் அதைப் பற்றிப் பேசவில்லை.
பிளாஸ்க் மூடியில் காபி ஊற்றி நீட்டினான்.
பாதி என் கையில் சிந்தியது,
சுடவில்லை.

மிதவை நின்றது.
நின்றது, அவ்வளவுதான்.
அப்புறம் ஆறே திரும்பி இழுத்தது.

எவ்வளவு நேரமோ. முழங்கால் தண்ணீரில்
பக்கம் சாய்ந்து கிடந்தது ஸ்டீல்ஹெட்,
கடல்பேன் இன்னும் உதிராமல்.

வாலுக்கு முன்னால், முதுகில்,
சின்னத் துடுப்பு இருந்தால் காட்டுமீன்: விட்டுவிட வேண்டும்.
நறுக்கியிருந்தால் பண்ணைமீன்: ஒரு வாரச் சாப்பாடு.
விடியவில்லை. விளக்கில் பேட்டரி போய்விட்டது.
கட்டைவிரலால் தடவினேன்;
மரத்த விரல் ஒன்றும் சொல்லவில்லை.

"இருக்கா?" என்றான் கரையிலிருந்து.

குனிந்து
உதட்டால் தேடினேன்.

இருந்தது. நகத்தளவு,
எலும்பில்லாமல், காதுமடல் போல.

இல்லை என்றிருக்கலாம்.
கேட்டவன் வெண்டெல் ஒருவன்தான்,
அவனுக்கும் அதே ஆலை.

வாலைப் பிடித்திருந்த கை
எப்போது திறந்ததென்று தெரியாது.
அதுவும் மரத்துத்தான் இருந்தது.